பூட்டாத வாசல்கள்: திருவெளிப்பாட்டைச் சேரியிலிருந்து வாசிப்போம்

திண்டுக்கல்லிலிருந்து நத்தம், வேடசந்தூர், நிலக்கோட்டை, வத்தலகுண்டு என்று எந்தப் பக்கம் போனாலும் கடைசிக் காலத்தை அறிவிக்கும் சுவரெழுத்து ஒன்றாவது கண்ணில் படும். எழுப்புதல் கூட்டம் நடக்கும் இரவுகளில் ஒலிபெருக்கி அதையே விளக்கமாகச் சொல்லும். பார்கோடு வந்தபோது 666 என்றார்கள். ஆதார் வந்தபோது அதுதான் மிருகத்தின் முத்திரை என்றார்கள். கொரோனா தடுப்பூசிக்கும் அதே விளக்கம். இஸ்ரேல் குண்டு வீசினால் தீர்க்கதரிசனம் நிறைவேறுகிறது என்று கை தட்டச் சொல்கிறார்கள். தரையில் உட்கார்ந்து இதைக் கேட்பவர்கள் யார்? நூற்பாலையில் இரவு வேலை பார்க்கும் பெண்கள், விடியுமுன் மல்லிகை பறிக்கப் போகிறவர்கள், தூய்மைப் பணியாளர்கள், கட்டட வேலைக்குப் போகிறவர்கள். பெரும்பாலும் சேரிக்காரர்கள்.

நம் தோழர்கள் பலர் இதைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகிறார்கள். மூடநம்பிக்கை என்ற ஒரு சொல்லோடு வேலை முடிந்துவிடுகிறது. இந்தக் கட்டுரைக்கு அந்த மேடையோடும் உடன்பாடில்லை, அந்தச் சிரிப்போடும் உடன்பாடில்லை. தானியேலும் ஆமோசும் திருவெளிப்பாடும் நம் மக்கள் கைகளில் ஏற்கெனவே இருக்கும் நூல்கள். அவற்றை எப்படி வாசிப்பது என்று சொல்லித்தரும் வேலையை நாம் செய்யாவிட்டால், பயத்தை விற்பவர்கள் செய்வார்கள். செய்துகொண்டும் இருக்கிறார்கள்.

தீர்க்கதரிசியா, இறைவாக்கினரா?

சிக்கல் மொழிபெயர்ப்பிலேயே தொடங்குகிறது. எபிரேயத்தில் 'நாபி' என்று அழைக்கப்பட்டவரைத் தமிழ்ப் பழைய மொழிபெயர்ப்பு 'தீர்க்கதரிசி' என்றது. நெடுந்தொலைவு பார்ப்பவர் என்று பொருள். அந்தச் சொல்லைக் கேட்டதும் நமக்கு நினைவு வருவது சோதிடரும் கிளி சோசியமும்தான். 1995-இல் வெளியான பொது மொழிபெயர்ப்பு 'இறைவாக்கினர்' என்று மாற்றியது. இது சின்ன மாற்றம் இல்லை. முன்னவர் நாளை நடப்பதைச் சொல்பவர். பின்னவர் இன்று நடக்கும் அநியாயத்தை அரசன் முகத்துக்கு நேராகச் சொல்பவர். எபிரேய நூல்களைத் திறந்து பார்த்தால் இந்த இரண்டாவது ஆளைத்தான் அதிகம் சந்திக்கிறோம்.

ஆமோசை எடுத்துக்கொள்வோம். கி.மு. 8-ஆம் நூற்றாண்டு. தெக்கோவா என்ற ஊரில் ஆடு மேய்த்தவர், காட்டத்தி மரங்களைப் பராமரித்தவர். வடக்கே இஸ்ரவேல் அரசு செழித்திருந்த காலம். வீடுகளில் தந்தக் கட்டில்கள், கோயிலில் ஓயாத திருவிழா. ஆமோஸ் போய் நின்று சொன்னது, ஏழையை ஒரு ஜோடிச் செருப்புக்கு விற்கிறீர்கள், கள்ளத் தராசு வைத்திருக்கிறீர்கள், உங்கள் திருவிழாக்களைக் கடவுள் வெறுக்கிறார் என்பதுதான். பெத்தேல் கோயிலின் குரு அமட்சியா அவரை ஊரைவிட்டுப் போகச் சொன்னார். இது அரசனின் கோயில், இங்கே பேசாதே என்பதே அவர் வாதம். ஆமோஸ் திருப்பிச் சொன்னது இன்னும் முக்கியமானது. தான் தொழில்முறை இறைவாக்கினரும் இல்லை, இறைவாக்கினர் குடும்பத்தில் பிறந்தவரும் இல்லை என்றார். பிறப்பு தராத உரிமையோடு பேச வந்த ஆள் அவர்.

ஒரு ஜோடிச் செருப்பு என்ற சொல் திண்டுக்கல்லில் சும்மா கடந்துபோகாது. தோல் பதனிடும் தொழிலுக்குப் பேர்போன ஊர் இது. 1996-இல் வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தோல் ஆலைகளின் கழிவைப் பற்றித் தீர்ப்புச் சொன்னபோது, அபராதம் கட்டச் சொன்ன மாவட்டங்களில் திண்டுக்கல்லும் ஒன்று. தோல் ஊறிய தொட்டிக்குள் இறங்கியவர்கள் யார், கெட்டுப்போன கிணற்றுத் தண்ணீரை முதலில் குடிக்க நேர்ந்தவர்கள் யார் என்று நம் ஊரில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்த சூசையையும் இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். ஆதிதிராவிடக் கிறித்தவர். செருப்புத் தைக்கும் பட்டியல் சாதித் தொழிலாளர்களுக்கு அரசு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தது. அதே தெருவில் அதே தொழில் செய்த சூசைக்கு, கிறித்தவர் என்பதால் கிடைக்கவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. மதம் மாறிய பிறகும் அதே அளவு இழிவு தொடர்கிறது என்று காட்டப் போதிய ஆதாரம் இல்லை என்று 1985-இல் மனு தள்ளுபடியானது. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையில் உள்ள மூன்றாம் பத்தி இன்றும் அப்படியே இருக்கிறது. 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் திறந்த கதவு தலித் கிறித்தவருக்கும் தலித் முஸ்லிமுக்கும் திறக்கவில்லை. ஒரு ஜோடிச் செருப்பை வைத்து ஆமோஸ் கேட்ட கேள்வி 2,700 ஆண்டுகளாகப் பதில் இல்லாமல் கிடக்கிறது. மேடையில் நிற்கும் போதகர் அதை விட்டுவிட்டு ஆதார் எண்ணைக் கூட்டிக்கொண்டிருக்கிறார்.

நான்கு மிருகங்களும் ஓர் எண்ணும்

'அப்போகாலிப்சிஸ்' என்ற கிரேக்கச் சொல்லுக்கு உலக அழிவு என்று பொருள் கிடையாது. திரை விலக்குதல் என்றே பொருள். தமிழில் 'வெளிப்படுத்தின விசேஷம்', 'திருவெளிப்பாடு' என்று சரியாகவே பெயர் வைத்திருக்கிறோம். மூடி வைத்த ஒன்றைத் திறந்து காட்டுவது. எதைத் திறந்து காட்டுகிறது என்பதுதான் கேள்வி.

தானியேல் நூலின் கதை பாபிலோனில், கி.மு. 6-ஆம் நூற்றாண்டில் நடக்கிறது. ஆனால் அது இன்றுள்ள வடிவம் பெற்றது கி.மு. 167-க்கும் 164-க்கும் இடையில் என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. அந்தியோக்கு எபிபானஸ் என்ற கிரேக்க அரசன் எருசலேம் கோயிலைத் தீட்டுப்படுத்தி, யூதர்களின் வழக்கங்களைத் தடை செய்து, மீறியவர்களைக் கொன்ற காலம் அது. நேரடியாக எழுதினால் தலை போகும். எனவே கடலிலிருந்து நான்கு மிருகங்கள் ஏறி வருகின்றன. ஒவ்வொன்றும் ஒரு பேரரசு. கடைசி மிருகத்தின் தலையில் முளைத்துப் பெருமை பேசும் சின்னக் கொம்புதான் அந்தியோக்கு. இதை இன்றைய நாத்திகர்கள் கண்டுபிடிக்கவில்லை. கி.பி. 3-ஆம் நூற்றாண்டிலேயே போர்பிரி என்ற தத்துவவாதி சொல்லிவிட்டார். யூதர்களின் வேத வரிசையில் தானியேல் இறைவாக்கினர் நூல்களோடு வைக்கப்படவும் இல்லை. 'எழுத்துகள்' என்ற வேறு பகுதியில் இருக்கிறது. முடிவுக்கு நாள் குறிப்பவர்களைத் தால்மூதின் ரபிகள் சபித்தே வைத்திருக்கிறார்கள்.

திருவெளிப்பாடும் அப்படித்தான். கி.பி. முதல் நூற்றாண்டின் இறுதியில், பத்முத் தீவிலிருந்து யோவான் என்பவர் சின்ன ஆசியாவின் ஏழு நகரச் சபைகளுக்கு எழுதியது. ஏழு குன்றுகளின் மேல் உட்கார்ந்திருக்கும் பாபிலோன் என்றால் ரோம் என்று அன்று கேட்டவர்களுக்குத் தெரியும். 666 என்ற எண்ணும் அவர்களுக்குப் புதிர் இல்லை. பழைய தமிழில் 'க' என்றால் 1, 'உ' என்றால் 2 என்று எழுத்தையே எண்ணாக எழுதியதுபோல, எபிரேயத்திலும் எழுத்துக்கு எண் மதிப்பு உண்டு. 'நெரோன் கேசர்' என்பதை எபிரேய எழுத்தில் எழுதிக் கூட்டினால் 666 வரும். சில பழைய படிகளில் 616 என்று இருக்கிறது. 'நெரோன்' என்பதன் கடைசி 'ன்' எழுத்தின் மதிப்பு 50. லத்தீனில் உள்ளபடி 'நெரோ' என்று எழுதினால் அந்த 50 குறைந்து 616 ஆகிவிடும். ஆகவே மிருகத்துக்கு முகவரி உண்டு. அது ரோமின் அரண்மனை. தடுப்பூசிக் குப்பிக்குள் அதைத் தேடுவது வீண் வேலை.

முத்திரை இல்லாதவன் வாங்கவும் விற்கவும் முடியாது என்று அந்நூல் சொல்லும் இடத்தில் பேசப்படுவது பேரரசின் சந்தை. பதினெட்டாம் அதிகாரத்தில் பாபிலோன் விழும்போது அழுபவர்களின் பட்டியல் வருகிறது. அரசர்கள், வணிகர்கள், கப்பல்காரர்கள். வணிகர்கள் இழந்த சரக்குகள் வரிசையாகச் சொல்லப்படுகின்றன. பொன், வெள்ளி, முத்து, பட்டு, தந்தம், இலவங்கம், கோதுமை, மாடு, குதிரை என்று போய், கடைசிச் சரக்காக அடிமைகளில், மனித உயிர்களில், முடிகிறது. முத்தும் தந்தமும் ரோமுக்குப் போன வழிகளில் பாண்டிய நாட்டுக் கரையும் முசிறியும் உண்டு. நாம் பெருமையாகப் பேசும் யவன வணிகத்தை, அந்தக் கப்பலின் அடித்தட்டில் விற்பனைக்கு இருந்த மனிதரின் பக்கமிருந்து பார்க்கும் நூல் இது. முன்பணம் வாங்கியதால் ஆலை விடுதிக்குள்ளேயே அடைந்து கிடக்கும் பெண்ணுக்கு இந்தப் பட்டியல் எளிதில் புரியும்.

இரண்டு வகை முடிவுகள்

உலகம் முடியும் கதை எல்லா மதத்திலும் இருக்கிறதே என்று சொல்லலாம். இருக்கிறது. யாருடைய உலகம் முடிகிறது என்பதில்தான் வேறுபாடு.

விஷ்ணு புராணம் கலியுகத்தின் கேடுகளாக எவற்றைச் சொல்கிறது? வருணங்கள் கலந்துபோகும், வேள்விகள் நின்றுபோகும், சூத்திரர்கள் துறவிகளாக உலவுவார்கள். அதாவது, நாம் எவற்றைச் சமூக மாற்றம் என்கிறோமோ அவையெல்லாம் அங்கே அழிவின் அறிகுறிகள். பிறகு சம்பளம் என்ற ஊரில் ஒரு பார்ப்பனர் வீட்டில் கல்கி பிறக்கிறார், மிலேச்சர்களை அழிக்கிறார், பழைய ஒழுங்கை நிலைநாட்டுகிறார். மேலே இருப்பவனின் பயம்தான் இந்தக் கதை. தானியேலும் திருவெளிப்பாடும் கீழே கிடப்பவரின் கோபத்திலிருந்து பிறந்தவை. அங்கே சிம்மாசனங்கள் கவிழ்கின்றன, இங்கே சிம்மாசனங்கள் நிமிர்த்தி வைக்கப்படுகின்றன.

நம் மண்ணிலும் இந்தக் கதையைத் தலைகீழாகத் திருப்பியவர்கள் உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் அய்யா வைகுண்டரின் வழியில் உருவான அகிலத்திரட்டு, கலியைச் சூத்திரரின் எழுச்சியில் பார்க்கவில்லை. வரி போட்டும் ஊழியம் வாங்கியும் நசுக்கிய திருவிதாங்கூர் அரசனிடம் பார்த்தது. கலிநீசன் என்று அவனையே சொன்னது. தர்மயுகம் வரும் என்ற நம்பிக்கை பொதுக் கிணறாகவும் தலைப்பாகையாகவும் மாறியது. அரசு வைகுண்டரைச் சிறையில் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது.

கேரளத்தில் இன்னொரு ஒப்பீடு கிடைக்கிறது. தமிழ்ப் பார்ப்பனராகப் பிறந்து கிறித்தவரான ஜஸ்டஸ் ஜோசப், 1875-இல் ஒரு எழுப்புதல் இயக்கத்தைத் தொடங்கி, 1881-இல் கிறித்து வருவார் என்று கணக்குப் போட்டுச் சொன்னார். வரவில்லை. அடுத்த தலைமுறையில் புலையர், பறையர் நடுவே எழுந்த பொய்கையில் யோகன்னான் நாள் கணக்குப் பார்க்கவில்லை. விற்கப்பட்ட, பிரிக்கப்பட்ட என் முன்னோர்கள் எந்த வேதத்தில் இருக்கிறார்கள் என்று கேட்டார். சபைக்குள்ளும் சாதி இருப்பதைக் கண்டு வெளியேறினார். அடிமை முன்னோரின் நினைவையே மீட்பின் மையமாக்கினார். ஒரே நூல்களை வாசித்த இருவரில் ஒருவர் காலண்டரைப் பார்த்தார், மற்றவர் தன் மக்களைப் பார்த்தார். திண்டுக்கல் மேடைகளில் இன்று நிற்பது முதலாமவரின் வாரிசுகள். நமக்கு வேண்டியது இரண்டாமவர்.

உயிர்த்தெழுதலும் கல்லறைச் சுவரும்

இறந்தோர் எழுவார்கள் என்ற நம்பிக்கை எபிரேய வேதத்தில் முதன்முதலாகத் தெளிவாக வருவது தானியேலின் கடைசி அதிகாரத்தில். ஏன் அங்கே? நியாயத்துக்காக நின்றவர்கள் கொல்லப்பட்டார்கள், கொன்றவன் அரண்மனையில் இருக்கிறான், கணக்கு இத்தோடு முடிந்துவிடக் கூடாது என்ற கேள்வியிலிருந்துதான் அது வருகிறது. கீழ்வெண்மணிக்கும் மேலவளவுக்கும் பிறகு நமக்குள்ளும் இருக்கும் கேள்விதான் அது. வழிதான் வேறு.

அந்த நம்பிக்கையை ஞாயிறுதோறும் அறிக்கையிடும் சபைகள் தமிழ்நாட்டில் கல்லறைக்குள் சுவர் கட்டியிருக்கின்றன. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறித்தவரையும் மற்றவரையும் பிரித்த சுவர் ஊரறிந்தது. அந்தத் திருச்சி மறைமாவட்டத்திலிருந்துதான் 2003 நவம்பரில் திண்டுக்கல் மறைமாவட்டம் பிரிந்தது. அதே மாதம், ரோமுக்குப் போன தமிழக ஆயர்களிடம் போப் இரண்டாம் ஜான் பால், கிறித்தவர்களிடையே சாதி பார்ப்பது உண்மையான மனித ஒற்றுமைக்கே எதிரானது என்று பேசினார். ஐந்து ஆண்டுகள் கழித்து, விழுப்புரம் மாவட்டம் எறையூரில், ஒரே கோயிலில் சம உரிமை கேட்ட தலித் கிறித்தவர்களின் வீடுகள் தாக்கப்பட்டன. துப்பாக்கிச் சூட்டில் இருவர் செத்தார்கள்.

புராட்டஸ்டண்ட் சபைகளுக்கும் பழைய கணக்கு இருக்கிறது. திண்டுக்கல்லில் 1830-களிலேயே நிலையம் அமைத்த அமெரிக்க மதுரை மிஷன், சாதியை விடாதவர்களுக்குச் சபையில் இடமில்லை என்று 1847-இல் முடிவெடுத்தது. சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடத் தயாரா என்பதே சோதனை. உபதேசியார்கள் உட்படப் பலர் சபையை இழந்தார்கள், சாதியை விடவில்லை. ஒன்றரை நூற்றாண்டு கழித்து மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் பாடம் நடத்திய பறட்டை தியோபிலஸ் அப்பாவு 'ஒரு உலை' என்று பேசியதன் பொருள் இதுதான். எல்லாரும் ஒரே உலையில் பொங்கி ஒன்றாகச் சாப்பிடும் நாளே இறையாட்சி. அதற்கு வானத்தில் அடையாளம் தேட வேண்டியதில்லை.

எலும்புகள்கூடச் சேர்ந்து கிடக்கக் கூடாது என்று சுவர் எழுப்புகிறவர்களுக்கு உயிர்த்தெழுதலில் உண்மையிலேயே நம்பிக்கை இருக்கிறதா? இருந்தால், எக்காளம் ஊதும்போது யார் எந்தப் பக்கம் எழ வேண்டும் என்று முடிவு செய்தது யார்? கடைசிக் காலப் பிரசங்கத்தில் இந்தக் கேள்வியை நான் கேட்டதில்லை.

யாருடைய இஸ்ரேல்?

திருச்சபை ரகசியமாக வானத்துக்கு எடுத்துக்கொள்ளப்படும், இன்றைய இஸ்ரேல் அரசு கடவுளின் கடிகாரம் என்ற போதனைகள் பழைய வேதத்தின் நேரடிப் பொருள் என்று பலரும் நம்புகிறார்கள். அவை 1830-களில் ஜான் நெல்சன் டார்பி என்ற போதகர் வகுத்த முறையிலிருந்து வளர்ந்தவை. 1909-இல் அமெரிக்காவில் வெளியான ஸ்கோபீல்டு பைபிளின் அடிக்குறிப்புகள் வழியாக உலகெங்கும் பரவியவை. நீராவி ரயிலை விடச் சற்றே இளைய போதனை.

இதன் விலையைக் கொடுப்பவர்கள் பாலஸ்தீனர்கள். அவர்களில் கிறித்தவர்களும் உண்டு. 2009-இல் அவர்கள் கைரோஸ் ஆவணத்தை வெளியிட்டு, எங்கள் நிலத்தைப் பறிக்க வேதத்தைப் பயன்படுத்தாதீர்கள் என்று உலகச் சபைகளைக் கேட்டார்கள். 2023 அக்டோபரில் காசாவின் பழமையான புனித போர்பிரியஸ் ஆலய வளாகத்தில் குண்டு விழுந்து, அங்கே தஞ்சம் புகுந்தவர்கள் செத்தார்கள். அதைத் தீர்க்கதரிசன நிறைவேற்றம் என்று நம் ஊர் மேடையில் சொல்பவர், மிருகத்தின் முதுகில் உட்கார்ந்துகொண்டு மிருகத்தைப் பற்றிப் பிரசங்கிக்கிறார். சேரிக்காரர் நிலம் இழந்தவரோடு நிற்க வேண்டியவர். அவரை நிலம் பறித்தவனுக்காக ஜெபிக்க வைப்பது அரசியல் மோசடி.

கையால் பெயர்க்க வேண்டிய கல்

இந்த நூல்களை அப்படியே தலையில் வைத்துக்கொள்ளச் சொல்லவில்லை. திருவெளிப்பாட்டில் குதிரையின் கடிவாளம் வரை இரத்தம் ஓடுகிறது. பேரரசைத் திட்ட அதற்குக் கிடைத்த உருவம் விபச்சாரப் பெண். சபையில் பேசிய ஒரு பெண்ணை 'யெசபேல்' என்று இழித்துப் பேசுகிறது. அதிலுள்ள 'சாத்தானின் தொழுகைக்கூடம்' என்ற வசவு ஐரோப்பாவில் யூதர்களுக்கு எதிராகத் திருப்பப்பட்டது. ஒடுக்கப்பட்டவர் எழுதியது என்பதற்காக எல்லாமே விடுதலையாகிவிடாது. இவற்றையும் பெயர் சொல்லித்தான் வாசிக்க வேண்டும்.

பெரிய குறை இன்னொன்று. தானியேல் விளக்கும் பாபிலோன் அரசனின் கனவில் பேரரசுகளின் சிலையை உடைக்கும் கல் மனிதக் கை படாமல் பெயர்ந்து வருகிறது. காத்திரு, கடவுள் பார்த்துக்கொள்வார் என்பதே அதன் முடிவு. 1927-இல் மகாத் குளத்தில் தண்ணீரை அள்ளியது கைதான். அண்ணல் அம்பேத்கர் அங்கே எந்த யுகமும் முடியக் காத்திருக்கவில்லை. திரையை விலக்கிக் காட்டுவது வரை தானியேல் நமக்கு உதவுவார். அதற்குப் பிறகு வேலை நம்முடையது.

ஆனாலும் திருவெளிப்பாட்டின் கடைசிப் பக்கத்தை நம் இளைஞர்கள் ஒருமுறை படிக்க வேண்டும். அங்கே வரும் புதிய நகரத்தில் பன்னிரண்டு வாசல்கள். அவை ஒருநாளும் அடைக்கப்படுவதில்லை. அந்த ஊரில் கோயிலே இல்லை. எனவே உள்ளே யார் போகலாம், தேரை யார் இழுக்கலாம், எந்தத் தெரு வழியாகச் சப்பரம் வரலாம் என்ற சண்டையும் இல்லை. பெரியாரைப் படித்தவர்களுக்கு இந்த ஊர் பிடிக்காமல் போகாது. பூட்டுக்குப் பேர்போன திண்டுக்கல்லில் இந்தப் பக்கத்தை ஏன் யாரும் பிரசங்கிப்பதில்லை?

ஆகவே தோழர்களே, அடுத்த கூட்டத்துக்குப் போகும் உங்கள் அம்மாவையும் அக்காவையும் கேலி செய்யாதீர்கள். வீட்டில் இருக்கும் அதே பைபிளை எடுத்து ஆமோசை ஒருமுறை சேர்ந்து வாசியுங்கள். பிறகு பங்குப் பேரவையிலும் சபைக் கமிட்டியிலும் மூன்று கேள்விகளை எழுத்தில் கொடுங்கள். நம் கல்லறையில் சுவரோ தனி வரிசையோ இருக்கிறதா? திருவிழாத் தேர் நம் தெருவுக்கு வருமா? 1950 ஆணையின் மூன்றாம் பத்தியை நீக்கக் கேட்கும் போராட்டத்தில் இந்தச் சபை எத்தனை முறை தெருவில் இறங்கியிருக்கிறது? பதில் வரும்வரை மிருகத்தின் எண்ணைப் பற்றி நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.